நாலாவது சிலிண்டர்

மைனஸ் பதினாலு.
அலூக்ஸ்னே ஏரி இறுகிவிட்டது.
சாவியை அரைவாசி திருப்பினால்
டேஷ்போர்டில் சின்ன மஞ்சள் சுருள்
பொறு, பொறு என்கிறது.
பொறுத்தேன். அணைந்தது. முழுசாய்த் திருப்பினேன்.
எஞ்சினுக்குத் தொண்டை கமறியது.
ஏழாம் முறை பிடித்தது, ஒற்றைக் காலில்.
வெள்ளைப் புகை வேலி தாண்டிப் போய்
விஸ்மாவின் கொடியில்
அட்டையாய் விறைத்து நின்ற படுக்கைவிரிப்புகளை
ஒவ்வொன்றாக விசாரித்தது.

"சூடு சுரணை இருக்கா உனக்கு?"

பதினோரு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய
மூன்றாவது வாக்கியம்.
முதல் இரண்டும் வேலியைப் பற்றியவை.

சுரணை பற்றித் தெரியாது.
சூடு இல்லை, அளந்தே சொல்வேன்.
மீட்டரின் ஒரு முனை பிளக்கின் தலையில்,
மறுமுனை எஞ்சினின் உடம்பில்.
ஒன்று, செத்தது.
இரண்டும்.
மூன்று முக்கால் ஓம் காட்டியது, உயிருண்டு.
நாலாவது டீசல் குழாய்க்குப் பின்னால்,
கண்ணுக்கு எட்டாது, விரலுக்கு மட்டும் தெரியும் இடத்தில்,
செத்தே ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

டீசலுக்குப் பொறி கிடையாது.
காற்றை நெருக்கு நெருக்கென்று நெருக்க
அந்த நெருக்கடியிலேயே பற்றிக்கொள்ளும்.
கோடையில் யார் தயவும் வேண்டாம் அதற்கு.
ஜனவரியில்தான்
விரல் நீள ஹீட்டர் பிளக் ஒன்று
உள்ளே போய்ச் சிவந்து நின்று
ஆரம்பி என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

எஞ்சின் சூடாக இருந்தால்தான் பிளக் கழலும்.
பிளக் வேலைசெய்தால்தான் எஞ்சின் சூடாகும்.
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.

மூன்று இரவு எண்ணெய் விட்டேன்.
துருவுக்குள் இறங்கும் எண்ணெய்க்கு
அவசரம் என்றால் என்னவென்று தெரியாது.
அந்த மூன்று நாளும் கறுப்பு ரொட்டிகள்
மைத்துனன் ஏகோன்ஸின் காரில்
சீட் பெல்ட் போட்டுக்கொண்டு கடைகளுக்குப் போயின.

ஞாயிறு, மைனஸ் பத்தொன்பது.
இனி அது பிடிக்கவே பிடிக்காது.
ஹேர் டிரையருக்கு வயர் எட்டவில்லை.
நான் வயரோடு மல்லுக்கட்டுவதைப்
பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.
வேலிக்கு மேலாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீள வயர் வந்தது,
பின்னாலேயே, ஜன்னலின் பழைய பெயின்டை உரிக்கும்
வெப்பத் துப்பாக்கியோடு அவளும் வந்தாள்.
"உனக்காக இல்லை. என் விரிப்புக்காக."

ஒரு மணி நேரம் அவள் பிடித்தாள், நான் தொட்டுப் பார்த்தேன்.
முதல் பிளக்: கால் சுற்று, கீச்.
பின்னால் திருப்பு, எண்ணெய், முன்னால்.
கீச் பாட்டாகி, பாட்டு பேச்சாகி
கரி படிந்து வெளியே வந்தது, நுனி வீங்கி.
இரண்டாவது அடம்பிடிக்கவில்லை.
மூன்றாவதில் ஸ்பேனரை வைத்தபோது கேட்டாள்:
"உயிரோடு இருப்பதை எதற்குப் பிடுங்குகிறாய்?"
பதில் இல்லை. விட்டேன்.

நாலாவது.
ஸ்பேனர் அசைந்தது, மெத்தென்று.
இளகுவதும் முறுகுவதும்
ஒரு மயிரிழை வரைக்கும்
கைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.
அதற்கப்புறம் டக்கென்று ஒரு சத்தம்,
பாதி கையில், பாதி உள்ளே,
எஞ்சினின் தலையையே கழற்ற வேண்டும்,
இரண்டு மாத ரொட்டிக் காசு.
மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன்.
"விடு" என்றாள்.
எத்தனையாவது வாக்கியம், எண்ணிக்கை விட்டுப்போச்சு.
கையை எடுத்தேன்.

புதிதை இரண்டையும் விரலாலேயே முறுக்கி
கடைசியில் மட்டும் ஸ்பேனரால் ஒரு தட்டு.
மஞ்சள் சுருள் எரிந்தது. பொறுத்தோம்.
முதல் திருப்பிலேயே மூன்று பிடித்தன.
நாலாவது இருமி, நொண்டி,
இருபது வினாடி கழித்து
ஒன்றுமே நடக்காததுபோல் வரிசையில் சேர்ந்தது.

மிச்சம் இரண்டு பிளக், பெட்டியோடு
வேனின் சின்ன அறையில் கிடக்கின்றன.
ஆரஞ்சு வயரை அவளும் கேட்கவில்லை.

திங்கள், காலை ஐந்து.
சாவியைத் தொடுமுன் வேலிக்கு அப்பால் பார்த்தேன்.
கொடி காலி.
ராத்திரியே எடுத்துவிட்டிருக்கிறாள்,
துளி நம்பிக்கையில்லாமல்.
சரியான முடிவு.